மூடினால் நின்றுவிடும்

பிற்பகல் இரண்டு மணி. ஆள் அரவமே இல்லாத சாலை...

சிரிக்காதீர்கள். பேய்க் கதைக்கு உச்சிவெயிலா என்று கேட்கிறவன் வடக்கே கொரியெந்தேஸ் மாகாணத்துப் பக்கம் ஒரு கோடைகூட இருந்திருக்க மாட்டான். அங்கே ராத்திரிக்கு யாரும் பயப்படுவதில்லை. ராத்திரியில் பாட்டு, குடி, சண்டை, நாய்க் குரைப்பு என்று ஊரே விழித்துக் கிடக்கும். பயமெல்லாம் சியெஸ்தாவுக்குத்தான். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு ஊர் மொத்தமும் தூங்குகிற நேரம் அது. அப்போது தெருவில் இறங்கும் பிள்ளைகளைப் பொம்பெரோ என்கிற குட்டிப் பேய் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்பார்கள். பெரியவர்களும் இறங்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் வெயில் என்பார்கள்.

கரண்ட் இப்போதைக்கு வராது. கரியைக் கூட்டிவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள். இது நம் ஃபாபியோவின் மச்சினி யமிலாவுக்கு நடந்தது. புரோகிராம் எழுதுகிற நம் தொழில்தான் அவளுக்கும்.

அந்தச் சாலை பாசோ நரான்ஹோ என்ற ஊரிலிருந்து நெல் ஆலைக்குப் போகிறது. இருபுறமும் தண்ணீர் கட்டிய வயல். ஓரிடத்தில் சிவப்புக் கொடி கட்டிய சின்னக் கோயில்... அப்புறம் ஆலையின் தகரக் கூரை தெரிகிறவரை ஒன்றுமில்லை. தார் உருகி டயரில் ஒட்டுகிறது. யமிலா சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறாள். ஊரில் ஒரு ஈ காக்காய் வெளியே வராத நேரத்தில் அவள் ஏன் போக வேண்டும்? அந்த நேரத்தில்தான் அது திறந்தது.

எது திறந்தது என்று சொல்வதற்கு முன்னால் அன்செல்மோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அன்செல்மோ அந்த ஆலையின் புரோகிராமர். ஆலையில் நெல்லை எடைபோடுவது, உலர்த்துவது, பெரிய சைலோ என்கிற தகரக் குதிரிலிருந்து வெளியே இழுப்பது, எல்லாம் அவர் எழுதிய புரோகிராம்தான் செய்யும். சைலோவின் அடியில் ஒரு நீளமான இரும்புத் திருகு சுற்றும். அதற்கு அங்கே சின்ஃபின் என்று பேர்; முடிவில்லாதது என்று அர்த்தம். அது சுற்றினால் மேலே இருக்கும் நெல் தண்ணீர் மாதிரி கீழே இறங்கும். ஒரு சியெஸ்தா நேரத்தில் உள்ளே நெல் ஈரம் பட்டுக் கூரைபோலக் கட்டிக்கொண்டுவிட்டது. அதை உடைக்க அன்செல்மோ கம்பியை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். இறங்குவதற்கு முன்னால் புரோகிராமை நடுவழியில் நிறுத்தி வைத்தார். கணினித் திரையில் டீபக்கர் சன்னல், அதாவது ஓட்டத்தை நிறுத்திப் பிழை தேடுகிற சன்னல், திறந்து நின்றது. அந்தச் சன்னல் நிற்கிறவரை ஓட்டம் நின்றிருக்கும், திருகு சுற்றாது.

ஆனால் சுற்றியது. மாலையில்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

அன்றைக்குக் கணினி மேசையில் உட்கார்ந்திருந்தவர் எலிகியோ. யமிலாவின் அப்பா.

"நான் அந்தச் சன்னலை மூடத்தான் செஞ்சேன். எடை எண்ணை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு" என்றார் அவர். தலைநகரிலிருந்து விசாரிக்க வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். டீபக்கரை மூடினால் ஓட்டம் செத்துப்போகும், ஓடாது; ஓட வேண்டுமென்றால் ‘தொடர்’ என்ற பொத்தானை யாராவது அமுக்கியிருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்கு முந்தின வாரம்தான் எலிகியோவும் அன்செல்மோவும் குதிரைப் பந்தயத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு அது போதாதா? ஜெயில் இல்லை. ஆனால் வேலை போயிற்று. அவர் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

அப்போது யமிலாவுக்குப் பதினோரு வயது. அப்பா சொன்னதை நம்பினாள். பிறகு புவெனோஸ் ஐரெஸ் போய் இதே தொழிலைப் படித்தாள். முதல் பருவத்திலேயே பாடம்: டீபக்கரை மூடினால் ஓட்டம் நின்றுவிடும். அன்று விடுதி அறையில் அவள் அழவில்லை. அப்பா பொய்யர் என்று மட்டும் தெரிந்துகொண்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. போனில் மழை பெய்ததா என்று மட்டும் கேட்பாள்.

அப்புறம் ஒரு கோடையில் ஆலையிலிருந்தே அவளைக் கூப்பிட்டார்கள். அன்செல்மோவின் புரோகிராம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உங்களில் பாதிப் பேர் வங்கிக்கு வேலை செய்கிறவர்கள், அதனால் சொல்கிறேன்: உங்கள் புரோகிராம் செத்துச் செத்துப் பிழைக்கும். இது அப்படியில்லை, தூங்கி எழும். அணைக்கும்போது திறந்திருந்த சன்னல், பாதி எழுதிய வரி, நடுவழியில் நின்ற ஓட்டம்... எல்லாம் மறுநாள் விட்ட இடத்தில் அப்படியே கண் விழிக்கும். ஓடுகிறபோதே உள்ளே கையை விட்டு மாற்றலாம். ஒரே தொல்லை, ஏதாவது தப்பானால் டீபக்கர் திரை முழுக்கப் புரியாத வரிகளைக் கொட்டும், மேசையில் இருக்கிற ஆள் பதறிப்போய்க் கண்டதையும் அமுக்குவான். அதைச் சாதாரண மனுஷனுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தர வேண்டும். இந்தப் பழைய சங்கதி தெரிந்து, அந்தப் புழுக்கத்துக்கும் வர ஒப்புக்கொள்ளும் ஆள் வேறு யாரும் அகப்படவில்லை. எலிகியோவின் மகள் என்று தெரிந்தேதான் கூப்பிட்டார்கள்.

அவளும் தெரிந்துகொள்ளத்தான் போனாள். அப்பா கொன்றாரா, இல்லையா. வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

மேசையில் இப்போது ஹசீந்தோ இருந்தான். அன்செல்மோவின் அக்கா மகன். நாற்பது வயது, வாயில் எப்போதும் ஒரு குச்சி.

"எலிகியோ மகளுக்கு நாற்காலி போடுன்னாங்க. போட்டாச்சு" என்றான். "ஒரு கால் ஆடும். பாத்து உக்காரு."

"என்னையும் கவுத்து விட்டுடலாம்னு பாக்கறியா?"

"நான் எதுக்குக் கவுக்கணும்? கவுக்கறது உங்க குடும்பத் தொழில் இல்ல?"

தெரெரே என்கிற மூலிகைப் பானக் குவளையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி உறிஞ்சினான். மறுபடி ஊற்றினான், மறுபடி அவனே உறிஞ்சினான். அந்த ஊரில் பக்கத்தில் இருப்பவருக்குக் குவளையை நீட்டாமல் தனியாகக் குடிப்பதும் முகத்தில் துப்புவதும் ஒன்றுதான். யமிலா பார்க்காத மாதிரி திரையைப் பார்த்தாள்.

முதல் நாள் சியெஸ்தாவுக்கு அவன் வெளியே மரத்தடி ஊஞ்சல் வலையில் போய்ப் படுத்துக்கொண்டான். மின்விசிறி கரக்... கரக்... என்று திரும்பிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு வாடை வந்தது, ஈர நெல் புளித்த வாடை. அறுவடை இன்னும் ஆரம்பிக்கவில்லை, ஆலையில் ஒரு படி ஈர நெல் கிடையாது. அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினாள்.

திரையில் ஒரு டீபக்கர் சன்னல் திறந்திருந்தது. அவள் எதையும் தொடவில்லை...

கிட்டே குனிந்து படித்தாள். பெரிய சைலோவின் ஓட்டம், நடுவழியில் நிற்கிறது. பெரிய சைலோவை அந்தச் சாவுக்குப் பிறகு மூடிவிட்டார்கள். திருகைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. இல்லாத திருகுக்கு யார் ஓட்டம் எழுதுவார்கள்? அவள் அறைச் சன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். ஹசீந்தோவின் வலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. முகத்தில் தொப்பி.

இவன் வேலைதான், என்று நினைத்தாள். படுத்துக்கொண்டே போனிலிருந்து ஏதோ செய்கிறான்.

அவள் எதையும் அமுக்கவில்லை, மூடவும் இல்லை. ஊர் எழுந்து முதல் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோது திரும்பிப் பார்த்தால் சன்னல் இல்லை.

மறுநாளும் அதே நேரம். அதே வாடை, அதே சன்னல். அடுத்த நாள் வெளித்தொடர்புக் கம்பியைப் பிடுங்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். திறந்தது. அதற்கடுத்த நாள் ஹசீந்தோவைத் தூங்கவிடாமல் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். இரண்டு கையையும் மேசை மேல் வைக்கச் சொன்னாள்.

"எனக்கென்ன கைரேகை பாக்கப் போறியா?" என்று சிரித்தான். அப்புறம் வாடை வந்தது. சன்னல் திறந்தது. அவன் வாயிலிருந்த குச்சி விழுந்தது.

"நீதான் என்னமோ பண்றே" என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. "உங்கப்பனை நல்லவனாக்க இதுக்குள்ள எதையோ வெச்சிருக்கே."

"நீ வெச்சதுன்னு நான் நெனைச்சேன்."

"செத்தவரு எங்க மாமா. நான் அவரை வெச்சு விளையாடுவேனா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பவில்லை. அன்றைக்கும் ஊர் எழுந்ததும் சன்னல் போய்விட்டது. மறுநாளிலிருந்து அவன் வலையை ஆலையின் அந்தக் கோடிக்கு மாற்றிக் கட்டிக்கொண்டான்.

யமிலாவுக்கு வேறு ஒரு வழி தோன்றியது. சன்னல் திறந்திருக்கும்போதே அந்த மொத்தப் புரோகிராமையும் தன் மடிக்கணினியில் ஒரு பிரதி எடுத்தாள். நான்தான் சொன்னேனே, தூங்கினாலும் அப்படியே எழும் என்று. மறுநாள் காலையில் தன் அறையில் பிரதியைத் திறந்தாள். நின்றுபோன ஓட்டமும் அதோடு வந்திருந்தது. அங்கே எந்தத் திருகும் இல்லை, எந்த ஆளும் இல்லை. தைரியமாகச் சன்னலை மூடினாள்.

மூடினால் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. திருகை ஓடவிடு என்ற கட்டளை போனது.

ஏன் என்று வரிவரியாகத் தேடினாள். அன்செல்மோ ஓரிடத்தில் எழுதியிருந்தார்: எது நடந்தாலும், கடைசியில் சின்ஃபினை ஓடவிடு. நெல் உள்ளேயே தங்கினால் புழுத்துவிடுமே என்று எழுதியிருப்பார், பாவம். டீபக்கரை மூடினால் ஓட்டம் சாகும் என்பது சரிதான். ஆனால் சாவதற்கு முன்னால் ‘எது நடந்தாலும்’ என்று எழுதியதையெல்லாம் செய்துவிட்டுத்தான் சாகும். விசாரிக்க வந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பாடம் சொன்னவர்களும் சொல்லவில்லை.

அப்பா பொய் சொல்லவில்லை. சன்னலைத்தான் மூடினார். யமிலா மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். இத்தனை வருஷமாக மழை பெய்ததா, மழை பெய்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு ஆறவே இல்லை.

அன்று மதியம் ஆலைக்குப் போனாள். ஹசீந்தோ அந்தக் கோடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்து டீபக்கருக்குள் கையை விட்டு ஒரு கேள்வியை எழுதினாள். இனி யார் சன்னலை மூடப் போனாலும் ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்கும்: ‘உள்ளே ஆள் இருக்கலாம். மீதியை ஓடவிடவா?’ இரண்டு பொத்தான். ‘ஓடவிடு’, ‘வேண்டாம்’. எழுதி முடித்ததும் சேமித்தாள். வாடை வருவதற்குள் எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு மிதித்தாள்.

எலிகியோ தூங்கவில்லை. அடுக்களையில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா... மூடினா ஓடும்ப்பா. நானே பாத்தேன். நீங்க சொன்னதுதான் நெசம்."

"நான் அப்பவே சொன்னேனே."

"சொன்னீங்க. நான் நம்பலை."

"தெரியும்" என்றார். கத்தி நிற்கவில்லை. தோல் சுருளாக விழுந்துகொண்டிருந்தது. "சாப்பிட்டியா?"

"இனிமே யாருக்கும் அப்படி ஆகாது. மூடறதுக்கு முன்னால கேக்கற மாதிரி எழுதி வெச்சுட்டேன்."

கத்தி நின்றது.

"என்னன்னு கேக்கும்?" என்றார் அவர். "‘உள்ளே ஆள் இருக்கலாம், மீதியை ஓடவிடவா’ன்னா?"



"யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லலை. அன்னைக்கு அதான் கேட்டுச்சு." அவர் அவளைப் பார்க்காமல் கிழங்கைப் பார்த்துப் பேசினார். "விசாரிக்க வந்தவங்ககிட்ட அதையும் சொன்னேன். அவங்ககிட்ட இருந்த வேற ஓட்டத்தை நிறுத்தி, மூடி மூடிப் பாத்தாங்க. ஒரு கேள்வியும் வரலை. சிரிச்சாங்க. அதோட சொல்றதை விட்டுட்டேன், உங்கம்மாகிட்டகூட. மொதப் பொத்தான் நீலமா இருந்துச்சு மகளே. என்டரைத் தட்டிக்கிட்டேதான் படிச்சேன். என்னான்னு படிச்சுட்டா தட்டறோம் எல்லாரும்?"

 முதல் பொத்தானைத்தான் யமிலாவும் நீலமாக விட்டிருந்தாள். என்டர் தட்டினால் அதுதான் விழும். வழக்கமாக எல்லாப் பெட்டியிலும் செய்வது போல, யோசிக்காமல் அப்படி விட்டிருந்தாள்.

உடனே பழைய கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இவர் ஆலைக்கு வந்திருக்கிறார். இல்லையென்றால் அந்த ஹசீந்தோ தூங்குகிற மாதிரி நடித்து, திரையைப் பார்த்து, இவருக்குப் போன் போட்டிருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்குகிறார்கள். காலையில் அழுத அழுகையெல்லாம் வீண். பொய்யர், என்றைக்கும் பொய்யர். வெளியே வந்து சைக்கிளில் ஏறினாள்.

சாலையில் இன்னும் யாருமில்லை. சிவப்புக் கொடிகள் காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஆலைக்கு வந்ததும் ஹசீந்தோவை வலையோடு உலுக்கினாள்.

"எங்கப்பாவுக்குப் போன் பண்ணியா?"

"யாருக்கு?" அவன் கண்ணைத் திறக்கவே பாடுபட்டான். "உங்கப்பனுக்கா? அந்த ஆளோட பேசறதுக்குப் பதிலா நான் நாக்கை அறுத்துக்குவேன். போ அந்தாண்டை."

அவள் உள்ளே ஓடினாள். அந்தப் புரோகிராமில் ஒவ்வொரு துண்டுக்கும் அதை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்று பதிந்திருக்கும். தன் கேள்வியில் வேறு யாராவது கைவைத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். அந்த இடத்தைத் திறந்தாள். எழுதியவர் பேர் வந்தது, அவளுடையதுதான். அதற்குப் பக்கத்தில் நாள்...

வாடை வந்தது. டீபக்கர் சன்னல் திறந்தது. சரியாக அந்த நாளை மறைத்துக்கொண்டு நின்றது.

"சனியனே, நகரு" என்று வாய்விட்டே சொன்னாள். மூலையில் அமுக்கி மூடினாள். ஏதோ ஒரு சின்னப் பெட்டி வந்தது. என்டரைத் தட்டினாள்.

பெட்டி போன பிறகுதான் அவளுக்கு அது என்ன பெட்டி என்று உறைத்தது.

முதலில் ஒரு குலுக்கல். மேசையில் இருந்த பேனா உருண்டு விழுந்தது. அப்புறம் பெரிய சைலோ பக்கமிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம். மெதுவாக, ஒரே சீராக, சுற்றிச் சுற்றி... அங்கே சுற்றுவதற்கு ஒன்றுமே கிடையாது. அதற்கு மேலே இன்னொரு சத்தம், சரசரவென்று நெல் இறங்குகிறது. அந்தத் தகரத்துக்குள் ஒரு மணி நெல் கிடையாது.

"நிறுத்து! ஏய், நிறுத்துடீ!" ஹசீந்தோ வெறுங்காலோடு ஓடி வந்தான்.

எதை நிறுத்துவது? திரையில் பெட்டி இல்லை, சன்னல் இல்லை, அமுக்க ஒரு பொத்தானும் இல்லை. எல்லாப் பொத்தானையும் அமுக்கினாள். மின்சாரத்தையே பிடுங்கினாள். திரை இருண்டது. சத்தம் நிற்கவில்லை. அப்புறம் சைலோவின் தகரத்தில், உள்பக்கமிருந்து, யாரோ தட்டினார்கள். அவசரமாக... பிறகு மெதுவாக... பிறகு இல்லை.

ஹசீந்தோ சைலோவின் மேல் இரண்டு கையையும் வைத்து, காதை ஒட்டி வைத்து, "மாமா... மாமா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சுடு தகரம். கை வெந்தது அவனுக்குத் தெரியவே இல்லை.

சத்தம் தானாகவே நின்றது. மின்விசிறிகூட ஓடாத அமைதி. யமிலா விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் பையில் போன் அடித்தது. வீட்டு எண். ஆலைச் சத்தம் ஊருக்குக் கேட்காது, அவ்வளவு தூரம். எடுத்துக் காதில் வைத்தாள். 

 எலிகியோ ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"நீயும் தட்டிட்டியா, மகளே?"